கறுப்பு விமானமும் பழைய ரேடாரும்

1999ஆம் ஆண்டு மார்ச் 27, சனிக்கிழமை இரவு. செர்பியாவின் தலைநகர் பெல்கிரேடுக்கு மேற்கே புஜனோவ்ட்சி என்றொரு கிராமம் இருக்கிறது. அதன் வயல்வெளியில் ஒரு கறுப்பு விமானம் வந்து விழுந்தது. விடிந்ததும் அதன் உடைந்த இறக்கையைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. அந்தப் படம் உலகம் முழுக்கத் தொலைக்காட்சிகளில் ஓடியது.

அமெரிக்காவும் அதன் நேட்டோ கூட்டணி நாடுகளும், செர்பியா அப்போது அங்கம் வகித்த யுகோஸ்லாவியா மீது குண்டு வீசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. விழுந்தது எஃப்-117 என்ற அமெரிக்க விமானம். ரேடாரின் பார்வையில் சிக்காமல் பறப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டு, போருக்குப் போன முதல் 'ஸ்டெல்த்' விமானம் அதுதான். 1991 வளைகுடாப் போரில் ஆயிரம் முறைக்கு மேல் ஈராக்கின் வானத்தில் பறந்து, ஒன்றுகூட அடிபடாமல் திரும்பிய வகை. அதை வீழ்த்தியவர்களிடம் இருந்ததோ 1960களில் சோவியத் ஒன்றியம் உருவாக்கிய எஸ்-125 நேவா என்ற ஏவுகணைத் தொகுதி. (நம் இந்திய விமானப் படையிலும் அது உண்டு. பெச்சோரா என்று அழைப்பார்கள்.) அந்தச் சிப்பாய்களின் அப்பாக்கள் இளைஞர்களாக இருந்த காலத்துக் கருவி, ஸ்டெல்த் விமானத்தை எப்படிப் பிடித்தது? நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலே இதற்கு விடை சொல்லும்.

முதலில் ரேடாரைப் பார்ப்போம். ரேடார் ஒரு ரேடியோ அலைத் துடிப்பை வானில் அனுப்பும். வழியில் விமானம் இருந்தால், அலையில் ஒரு சிறு பகுதி அதில் பட்டுத் திரும்பி வரும். ரேடியோ அலையின் வேகம் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். அனுப்பிய துடிப்பு ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பினால், போக 150, வர 150, ஆக விமானம் 150 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று அர்த்தம்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஸ்டெல்த் விமானத்தின் மொத்தக் கதையும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அலை போகப்போக விரிந்துகொண்டே போகும். தூரம் இரண்டு மடங்கானால், விமானத்தின் மேல் விழும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிவிடும். அது பட்டுத் திரும்பும்போதும் இதேபோல் விரிவதால் இன்னொரு நான்கில் ஒரு பங்கு. ஆக, தூரம் இரண்டு மடங்கானால் கைக்கு வந்து சேரும் எதிரொலி பதினாறில் ஒரு பங்குதான். பத்து மடங்கானால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு பொறியாளர் அரும்பாடுபட்டு விமானத்தின் எதிரொலியைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு பெரிய சாதனை! ஆனால் 200 கிலோமீட்டரில் அந்த விமானத்தைக் கண்ட ரேடார், இப்போதும் 20 கிலோமீட்டரில் அதைக் கண்டுவிடும். ஸ்டெல்த் விமானம் மாயமாய் மறைந்துவிடுவதில்லை. ரேடாரின் கண்பார்வை தூரத்தைச் சுருக்கிவிடுகிறது, அவ்வளவே. ஆனால் போரில் அது சாதாரண விஷயமில்லை. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் 200 கிலோமீட்டரில் தெரிந்தால் தயாராகப் பதின்மூன்று நிமிடம் கிடைக்கும். 20 கிலோமீட்டரில்தான் தெரிகிறது என்றால், ஒன்றரை நிமிடம்கூட மிஞ்சாது.

எதிரொலியைக் குறைப்பது எப்படி? வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிமிர்த்தி வைத்து டார்ச் அடியுங்கள். கண் கூசும். இப்போது கண்ணாடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துவிட்டு மறுபடி அடியுங்கள். கண்ணாடி இருக்கும் இடம் கறுப்பாகத் தெரியும். ஒளி கூரைக்குப் போய்விட்டது; உங்கள் கண்ணுக்கு வரவில்லை. எஃப்-117 விமானத்தின் உடம்பு முழுவதும் இப்படிச் சாய்ந்த தட்டைப் பலகைகளால் ஆனது. எந்தப் பக்கமிருந்து ரேடார் அலை வந்தாலும், வந்த வழியே திரும்பாமல் வேறு எங்கோ தெறித்து ஓடும்படி ஒவ்வொரு பலகையையும் கோணம் பார்த்து வைத்தார்கள். மேலே அலையை உறிஞ்சும் பூச்சு வேறு. எஞ்சின் புகைவாயையும் மெல்லிய நீண்ட பிளவாக மாற்றி, வெப்பம் வெளியே தெரியாதபடி செய்தார்கள்.

எந்தப் பலகையை எந்தக் கோணத்தில் வைப்பது என்று கணக்கிட அவர்களுக்கு ஒரு சூத்திரம் தேவைப்பட்டது. அது எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? மாஸ்கோவிலிருந்து! பியோத்தர் உஃபிம்ட்செவ் என்ற சோவியத் இயற்பியலாளர், விளிம்புகளில் பட்டு அலைகள் எப்படிச் சிதறும் என்று ஆராய்ந்து 1962இல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்க விமானப் படை அதை மொழிபெயர்த்து வைத்திருந்தது. 1970களின் நடுவில் லாக்ஹீட் நிறுவனத்தில் வேலை பார்த்த டெனிஸ் ஓவர்ஹோல்சர் என்ற கணித வல்லுநர் கண்ணில் அது பட்டது. அதைக் கொண்டு கணினி நிரல் எழுதி, எஃப்-117க்கு வழி போட்டார்கள். சோவியத் அறிஞரின் சூத்திரத்தில் பிறந்த அமெரிக்க விமானத்தை, கடைசியில் சோவியத் ரேடாரே கண்டுபிடித்தது. அறிவியலுக்கு எல்லைச் சுவர் கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

சரி, அந்த விமானத்தின் பலவீனம் என்ன? கண்ணாடிச் சோதனையில் ஒளியின் அலைநீளம் கண்ணாடியைவிடப் பல லட்சம் மடங்கு சிறியது. அதனால்தான் ஒளி அவ்வளவு ஒழுங்காகக் கோணம் பார்த்துத் தெறித்தது. ஏவுகணையை வழிநடத்தும் ரேடார்களின் அலைநீளம் சுமார் 3 சென்டிமீட்டர். பத்து மீட்டருக்கு மேல் அகலமுள்ள விமானத்துக்கு முன்னால் அதுவும் சிறியதே. ஆகவே அதனிடம் பலகை வித்தை பலிக்கும். ஆனால் அலைநீளம் இரண்டு மீட்டராக இருந்தால்? விமானத்தின் வால், இறக்கை முனை போன்ற உறுப்புகளும் ஏறக்குறைய அந்த அளவுதான். அவ்வளவு நீண்ட அலைக்குப் பலகையின் சாய்வு ஒரு பொருட்டே அல்ல. அந்த அலை பட்டதும் உறுப்பு முழுவதிலும் மின்னோட்டம் முன்னும் பின்னுமாக ஓடத் தொடங்கும். அப்படி மின்னோட்டம் ஓடும் உலோகம் தானே ஒரு ஆன்டெனா ஆகிவிடும்; நாலா பக்கமும் அலையைத் திருப்பி வீசும். இதை ஒத்ததிர்வு என்பார்கள். மெல்லிய பூச்சாலும் இதைத் தடுக்க முடியாது. இரண்டு மீட்டர் அலையை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால் பூச்சு விமானத்தால் சுமக்க முடியாத அளவுக்குத் தடிமனாக வேண்டும்.

இந்த அறிவு ரேடாரின் பிறந்தநாளிலேயே இருந்தது. 1935 பிப்ரவரி 26 அன்று இங்கிலாந்தில் டேவென்ட்ரி என்ற ஊருக்கு அருகே ராபர்ட் வாட்சன்-வாட், ஆர்னால்ட் வில்கின்ஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். விமானத்தின் இறக்கை, அலைநீளத்தில் பாதியளவு இருந்தால் எதிரொலி பலமாக வரும் என்று வில்கின்ஸ் ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தார். அங்கே பிபிசி வானொலி நிலையம் 49 மீட்டர் அலைநீளத்தில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. ஹேஃபோர்ட் என்ற குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை 23 மீட்டர். விமானம் மேலே பறக்க, வானொலி அலை அதில் பட்டுத் தெறித்ததை வயலில் நிறுத்திய வண்டியிலிருந்தே இருவரும் பிடித்துவிட்டார்கள். தனியாக ஒரு ஒலிபரப்புக் கருவிகூட அவர்களிடம் இல்லை. ஊருக்குப் பாட்டும் செய்தியும் வழங்கிய அலையையே பயன்படுத்திக்கொண்டார்கள்.

ரேடார் வளர வளர, அலைநீளம் குட்டையாகிக்கொண்டே வந்தது. குட்டை அலைதான் துல்லியமாகக் குறி காட்டும். நீண்ட அலை ரேடார்கள் பழைய சரக்கு என்று பல நாடுகள் ஒதுக்கிவிட்டன. யுகோஸ்லாவியப் படையிடமோ பி-18 என்ற சோவியத் ரேடார் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்தால் உங்கள் தாத்தா பாட்டிக்கு உடனே அடையாளம் தெரியும். தூர்தர்ஷன் காலத்தில் மொட்டை மாடியில் மீன்முள் வடிவில் ஆன்டெனா நின்றதே, அதே 'யாகி' வகை. அதில் பெரிதாகப் பதினாறை, எட்டு எட்டாக இரண்டு வரிசையில் கட்டி ஒரு லாரியின் மேல் சுழலவிட்டால் பி-18. அதன் அலைநீளம் சுமார் இரண்டு மீட்டர்!

அப்படியானால் அந்த ரேடார் ஒன்றே போதுமே என்று தோன்றும். போதாது. ஆன்டெனாவின் அகலத்தோடு ஒப்பிட அலைநீளம் பெரிதாக இருந்தால், கற்றை விரிந்துவிடும். பி-18இன் கற்றை ஆறேழு டிகிரி அகலம். 25 கிலோமீட்டர் தள்ளி அது இரண்டரை, மூன்று கிலோமீட்டர் அகலமாகப் பரந்துகிடக்கும். உயரத்தையும் அது சொல்லாது. 'அந்தத் திசையில், இவ்வளவு தூரத்தில் ஏதோ வருகிறது' என்பது மட்டுமே அதனால் சொல்ல முடிந்த சேதி. ஏவுகணையை வழிநடத்த மூன்று சென்டிமீட்டர் ரேடார் வேண்டும். அந்த ரேடாருக்கோ விமானம் மிக அருகே வந்தால்தான் தெரியும். அதுவும் சரியான திசையில் திரும்பியிருந்தால்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருந்தது. ரேடார் அலையை அனுப்பினால், அது எங்கிருந்து வருகிறது என்று எதிரிக்கும் தெரிந்துவிடும். அந்த அலையின் ஊற்றைத் தேடி வந்து வெடிக்கும் ஹார்ம் என்ற ஏவுகணைகளை நேட்டோ விமானங்கள் தூக்கிக்கொண்டு திரிந்தன. 78 நாள் நடந்த அந்தப் போரில் எழுநூறுக்கும் மேற்பட்ட ஹார்ம்களை ஏவினார்கள். ரேடாரை அணைத்து வைத்தால் கண் இல்லை. போட்டு வைத்தால் உயிர் இல்லை.

இந்த இக்கட்டில்தான் கர்னல் ஸோல்டான் டானியின் குழு நமக்குப் பாடம் ஆகிறது. 250ஆவது வான் பாதுகாப்பு ஏவுகணைப் படைப்பிரிவின் மூன்றாம் பிரிவுக்கு அவர் தலைவர். குறி வைக்கும் ரேடாரை ஒரு தடவைக்கு 20 விநாடிக்கு மேல் போடக் கூடாது என்று கண்டிப்பான விதி வைத்தார். அந்த நேரத்துக்குள் இலக்கு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அணைத்துவிட்டு இடம் மாற வேண்டும். நேவா தொகுதி அடிக்கடி ஊர் மாற்றுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. தடித்த கேபிள்களைச் சுருட்டி, ஆன்டெனாவை மடித்து, ஏவுகணைகளை இறக்கி ஏற்றி, எல்லாவற்றையும் வண்டியில் கட்ட இரண்டரை மணி நேரம் ஆகும் என்பது வழக்கமான கணக்கு. அவர்கள் திரும்பத் திரும்பப் பயிற்சி செய்து அதை ஒன்றரை மணி நேரமாகக் குறைத்தார்கள். பழைய ரேடார் பெட்டிகளைத் தள்ளி வைத்து எதிரியின் ஏவுகணைகளை அந்தப் பக்கம் இழுக்கும் பொய் இலக்குகளாகவும் பயன்படுத்தினார்கள்.

கட்டளை வண்டிக்குள் நடந்த வேலையும் லேசானதல்ல. இன்றைய கருவிகளைப்போல எல்லாவற்றையும் கணினி பார்த்துக்கொள்ளாது. ரேடார் திரையில் புள்ளி மினுக்கும்போது, அதிகாரிகள் கைச்சக்கரத்தை மெல்லத் திருப்பித் திருப்பி, குறிக்கோடு அந்தப் புள்ளியைவிட்டு விலகாமல் வைத்திருக்க வேண்டும். ஒருவர் திசையைப் பார்க்க, இன்னொருவர் உயரத்தைப் பார்க்க, இருவர் கையும் ஒத்துப்போக வேண்டும். இதைப் போர் தொடங்கிய பிறகு கற்றுக்கொள்ள முடியாது. பல ஆண்டுப் பழக்கம் விரலில் ஊறியிருக்க வேண்டும். என் கணிப்பில், அந்த இரவின் வெற்றியில் பாதி இந்தப் பழக்கத்தால் வந்தது.

மார்ச் 27 இரவுக்கு வருவோம். போர் தொடங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. எஃப்-117கள் முந்தைய இரவுகளில் போன தடத்திலேயே மறுபடியும் போய்க்கொண்டிருந்தன. நம்மை யாராலும் பார்க்க முடியாது என்ற நம்பிக்கை அப்படிப்பட்டது! தடம் தெரிந்தால் காத்திருப்பவருக்கு வேலை சுலபம். இருபது சொச்சம் கிலோமீட்டர் தொலைவில் பி-18இன் திரையில் ஒரு புள்ளி தெரிந்தது. குறி வைக்கும் ரேடாரை அந்தத் திசையில் திருப்பிப் போட்டார்கள். அகப்படவில்லை, அணைத்தார்கள். மறுபடி போட்டார்கள். அப்போதும் அகப்படவில்லை. மூன்றாம் தடவை விதியை மீறி ஆபத்தை ஏற்றுக்கொண்டோம் என்று டானி பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தத் தடவை புள்ளி சிக்கியது. தூரம் சுமார் 13 கிலோமீட்டர். இரண்டு ஏவுகணைகள் கிளம்பின. முதலாவது விமானத்தை ஒட்டி உரசுவதுபோல் பறந்து, வெடிக்காமலே போய்விட்டது. இரண்டாவது வெடித்தது.

விமானி டேல் ஸெல்கோ இருக்கையோடு வெளியே எறியப்பட்டு, பாராசூட்டில் இறங்கி, ஒரு வாய்க்காலில் ஒளிந்துகொண்டார். ஏறத்தாழ எட்டு மணி நேரம் கழித்து அமெரிக்க ஹெலிகாப்டர்கள் வந்து மீட்டுப் போயின. மே 2ஆம் தேதி இதே படைப்பிரிவு ஒரு எஃப்-16 விமானத்தையும் வீழ்த்தியது. அதில் இருந்து உயிர் தப்பிய டேவிட் கோல்ட்ஃபைன், 2016இல் அமெரிக்க விமானப் படைக்கே தலைமைத் தளபதி ஆனார்.

இது ஒரு போர்க் கதை என்பதை மறந்துவிட்டு விளையாட்டுப் போட்டி மாதிரி படித்துவிடாதீர்கள். அந்த 78 நாளில் குண்டுகளுக்கு இரையானவர்களில் உங்கள் வயதுக் குழந்தைகளும் உண்டு. டானி ஓய்வுபெற்ற பிறகு ஸ்கொரெனோவட்ஸ் என்ற தன் ஊரில் ரொட்டிக் கடை நடத்தினார். 2011இல் ஸெல்கோ செர்பியாவுக்கு வந்து அவரைத் தேடிச் சந்தித்தார். இரு குடும்பங்களும் நண்பர்களாகிவிட்டன. அந்தச் சந்திப்பை ஒரு ஆவணப்படமாகவும் எடுத்திருக்கிறார்கள். ஏவுகணை விட்டவரும் அதில் விழுந்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பது, இந்தக் கதையில் எனக்கு ரேடாரைவிடப் பிடித்த பகுதி.

அறிவியல் அந்த இரவோடு நிற்கவில்லை. சாய்ந்த கண்ணாடிச் சோதனையை மறுபடி நினையுங்கள். கண்ணாடி உங்களுக்குத்தான் கறுப்பு. ஒளி தெறித்து விழும் இடத்தில் உங்கள் தம்பி நின்றால் அவன் கண் கூசும். ஆகவே அலையை அனுப்பும் கருவியை ஓரிடத்திலும், எதிரொலியைக் கேட்கும் கருவிகளை வேறு பல இடங்களிலும் வைத்தால், ஸ்டெல்த் விமானம் தட்டிவிட்ட அலை யாராவது ஒருவரிடம் மாட்டும். எஃப்எம் வானொலி, தொலைக்காட்சி கோபுரங்களின் அலைகளையே இதற்குப் பயன்படுத்தும் கருவிகளும் வந்துவிட்டன. தானாக எதையும் அனுப்பாமல் காது மட்டும் கொடுப்பதால், அவற்றை ஹார்ம் தேடி வர முடியாது. டேவென்ட்ரியில் அந்த இருவர் செய்ததும் இதேதான். மறுபக்கம், விமானம் செய்பவர்களும் சும்மா இல்லை. வாலே இல்லாத, பறக்கும் இறக்கைபோன்ற பி-2 விமானத்தில் ஒத்ததிர்வதற்குச் சின்ன உறுப்புகள் குறைவு. அதனால் நீண்ட அலைக்கும் அது எளிதில் சிக்குவதில்லை. எஃப்-117 வகையை 2008இல் படையிலிருந்து விலக்கினார்கள். விழுந்த விமானத்தின் பாகங்கள் பெல்கிரேட் வானூர்தி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு ரேடார், சாதாரண விமானத்தை 240 கிலோமீட்டரில் கண்டுகொள்ளும். விமானத்தின் எதிரொலியை 256இல் ஒரு பங்காகக் குறைத்துவிட்டார்கள். இப்போது எத்தனை கிலோமீட்டரில் அது தெரியும்? கால்குலேட்டர் வேண்டாம், தூரம் இரண்டு மடங்கானால் எதிரொலி பதினாறில் ஒரு பங்கு என்பதை மட்டும் வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். விடை வந்ததும், அந்த விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் நேரே வந்தால் ரேடார்க்காரர்களுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்பதையும் கண்டுபிடித்து, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.